நாலு கிலோ முந்நூறு

தோள்மூட்டில் மூன்று திருகாணி.
அதன் பிறகு வலக்கை
காதைத் தாண்டி எழ மறுத்துவிட்டது.
வீசினால் தூண்டில் முப்பது மீட்டர்.
கெண்டைகள் இருப்பதோ
எதிர்க்கரையில் மூழ்கிக் கிடக்கும் வில்லோ மரத்தடியில்,
நூற்றிருபது மீட்டர்.
மிச்சத் தொண்ணூறு
ராத்திரியெல்லாம் என் மெத்தையில் கிடந்து உருண்டது.

செகெத் நகரத்துக் கடையில்
இரைப்படகு விற்கிறார்கள்.
விலை கேட்டேன்.
கேட்டதை எமோக்கெயிடம் சொல்லவில்லை.

குளிருக்காகச் சுவரில் ஒட்டியது போக
மிஞ்சிக் கிடந்தது தெர்மகோல் பலகை.
ரொட்டிக் கத்தியால் செதுக்கினேன்.
முன்னால் மூக்கு வந்தது.
பின்னால் ஒன்றும் வரவில்லை; வெட்டிவிட்டேன்.
மேலே கண்ணாடி இழை, பிசின்.
மூன்று நாள்
சூப்பிலும் பிசின் வாசம்.

மோட்டார் இரண்டு:
செத்துப்போன ஸ்க்ரூடிரைவரிலிருந்து ஒன்று,
சாகாததிலிருந்து ஒன்று.
மூளை, மகன் ஸில்வெஸ்தரின் பழைய பொம்மை டாங்கியுடையது.
ரிமோட்டில் இன்னமும் அவன் பல் பதிந்த தடம்.
ஏரியலுக்கு ஒரு முழம் கம்பி கூட்டினேன்.
டாங்கிக்குப் பீரங்கி சுடும் பொத்தான் உண்டே,
அதை இரைப்பெட்டியின் கதவுக்குக் கொடுத்தேன்.
சுடு என்றால்
அவித்த சோளம் கொட்டும்.

வெள்ளோட்டம் குளியல் தொட்டியில்.
குழாயில் முட்டியது, ஷாம்பூவைத் தள்ளியது,
முழுகவில்லை.
இடப்பக்கம் என்றால் மட்டும் வலப்பக்கம் போயிற்று.
கம்பியைப் பிரித்து மாற்றிப் பற்றவைக்க
பத்து நிமிடம் ஆகும்.
நான் மாறிக்கொண்டேன்.

எமோக்கெ நகப்பூச்சை எடுத்துவந்து
மூக்கில் பெயர் எழுதினாள்:
சோம்பேறி.
படகையா என்னையா என்று
நான் கேட்கவில்லை.

செப்டம்பர். விடியவில்லை.
சரளை தோண்டிவிட்டுப் போன பள்ளத்தில்
ஊறி நிறைந்த ஏரி, மேலே பஞ்சு பஞ்சாய் மூடுபனி.
பெட்டியில் சோளம், சணல் விதை,
ஸ்ட்ராபெர்ரி மணக்கும் மாவுருண்டை,
அவற்றின் நடுவே என் தூண்டில் முள்.
சோம்பேறி கிளம்பியது.
பின்னால் நரம்பு சரசரவென்று உருளையை விட்டுக் கழன்றது;
என் கை எறிந்தே அறியாத தூரத்தை
ஓசையில்லாமல் எண்ணிக்கொண்டு போயிற்று.
மரத்தடி. சுட்டேன்.
ஒரு சின்னக் கலகலப்பு. அவ்வளவுதான்.

திரும்பும் வழியில், எழுபதாவது மீட்டரில்,
பாசி சுற்றிக்கொண்டது.
மோட்டார் முனகியது, நின்றது.
சிவப்பு விளக்கு பனிக்குள்
யாரோ புகைக்கும் சிகரெட் மாதிரி.

அதை மீட்க ஒரே வழி
தூண்டிலை எறிந்து கொக்கியில் மாட்டி இழுப்பது.
எழுபது மீட்டர் எறிய வேண்டும்.
எறிய முடிந்தால்
எனக்கு எதற்குப் படகு?

பக்கத்து மேடையில் பொரோக்கா. பால் லாரி ஓட்டுகிறவள்.
பிளாஸ்கை மூடினாள், எழுந்தாள், ஒன்றும் கேட்காமல் வீசினாள்.
முதல் எறி தாண்டிப் போனது.
இரண்டாவது, அருகே விழுந்து அலையை மட்டும் கிளப்பியது.
மூன்றாவதில் கைப்பிடி மாட்டியது.
கழி வில்லாய் வளைய
"அடம் பிடிக்குது" என்றாள்,
பாசியோடும் படகோடும் மல்லுக்கட்டியபடி.

கரைக்கு வந்ததும் அவள்
தன் எடைத்தொட்டிலை நனைத்து
சோம்பேறியை அதில் கிடத்தித் தராசில் தொங்கவிட்டாள்.
நாலு கிலோ முந்நூறு.
போட்டோ எடுக்கச் சொன்னாள்.
இரண்டு கையாலும் தூக்கி, பல் தெரியச் சிரித்து,
முறையாக.

பிறகு மேடைக்குப் பின்னால் அடித்திருந்த பலகையை
உரக்க வாசித்தாள்:
பிடித்ததை உயிரோடு நீரில் விடுக.
பாசியைக் கத்தரித்தோம்.
விசிறிகள் இரண்டும் தும்மிவிட்டுச் சுழன்றன.
விட்டோம்.

ரிமோட்டை அவள் வாங்கிக்கொண்டாள்.
வலப்பக்கம் நாணல் புதர்;
புத்திசாலித்தனமாக
இடப்பக்கம் திருப்பினாள்.

சொல்ல மறந்திருந்தேன்.